கொம்புப்பிடிக் கத்தி

– அதை மடக்கி என் கையில குடுத்துரு செவ்வந்தி. வெள்ளரிப்பிஞ்சு நறுக்க வீட்டுல அரிவாமனை இல்லாமலா போச்சு?

– இருக்கு மாமா. அரிவாமனையை இடுப்புல செருகிக்கிட்டு வெள்ளரிக் கொல்லைக்குப் போக முடியுமா? இந்தாங்க, பிஞ்சைத் தின்னுங்க. கத்தியைக் கேக்காதீக.

– பேச்சை மாத்தாத. உச்சிப்புளிச் சந்தையில ஒருத்தன் என்னைய நிப்பாட்டி, ‘ஏலே சின்னச்சாமி, கத்திக்காரி ஒன் அக்கா மகதானே’ன்னு கேக்குறான். தாய்மாமன்காரன் தலை நிமிந்து நடக்க வேணாமா?

– ஆமான்னு சொல்லிட்டு நிமிந்தே நடந்திருக்கலாமே. தாத்தா ஆயுசுக்கும் இதை இடுப்புலதான் வச்சிருந்தாரு. அவரை எவனும் கத்திக்காரன்னு சொல்லலை.

– எங்கய்யா ஆம்பளை.

– கத்திக்கு அதெல்லாம் தெரியலை மாமா. என் கையிலயும் நல்லாத்தான் வெட்டுது.

– இந்த வாய்தான் உன்னையக் கெடுக்குது. நான் சொல்றதைக் கேளு தாயி. நீ வயசுக்கு வந்து குச்சுல உக்காந்தப்போ, காத்துக்கருப்பு அண்டாம பக்கத்துல இரும்பு இருக்கட்டும்னு குடுத்தது இது. பச்சை ஓலை வெட்டிக் குச்சு கட்டினவன் நான். தலைக்குத் தண்ணி ஊத்தினதும் இரும்பைத் திருப்பிக் குடுக்கிறதுதான் மொறை. ஊர்ல எல்லாப் பிள்ளையும் குடுத்துச்சு.

– நானும் கொண்டுபோய் நீட்டினேன். ‘உன் ஆத்தா உசுரோட இருந்தா அவளுக்குத்தான் குடுத்திருப்பேன், நீயே வச்சுக்க’ன்னு சொல்லி, தாத்தா என் விரலை மடக்கி விட்டாரு. நீங்க பக்கத்துலதான் நின்னீக.

– எனக்கு நெனப்பு இல்லை.

– எனக்கு இருக்கு.

– சரி, அப்படி அதுல என்னதான் இருக்கு? அலகு தேஞ்சு கோரைப்புல்லாட்டம் ஆயிருச்சு. தங்கச்சிமடத்துக் கடையில புதுசா ஒண்ணு வாங்கித் தாரேன். சிவப்புப் பிடி, ரெண்டு அலகு, பளபளன்னு இருக்கும்.

– பளபளப்பை நீங்களே வச்சுக்கங்க. பாம்பன் பாலம் போட்டு மிஞ்சின இரும்புல பட்டறையில அடிச்சது இதுன்னு தாத்தா சொல்லுவாரு. இந்தக் கொம்பைத் தொட்டுப் பாருங்க. அவரு பெருவிரல் பட்டுப்பட்டுக் குழிஞ்சிருக்கு. என் விரல் அதுக்குள்ள அப்படியே உக்காருது. வெங்கச்சங்கல்லைப் பொடிச்சுப் பலகையில தூவித் தீட்டினா முடியைக்கூடச் சிரைக்கும். நொங்கு சீவுறதும் இதான், ஆட்டுக்குத் தழை கழிக்கிறதும் இதான், கால்ல குத்துன கருவேல முள்ளைத் தோண்டுறதும் இதான். இது இடுப்புல இல்லைன்னா எனக்கு நடையே வராது மாமா.

– ஒரு இரும்புத் துண்டுக்கு இம்புட்டுப் பெருமை ஆகாது.

– அம்பத்தஞ்சாம் வருசப் புயல்ல தொழுவம் சாஞ்சப்போ, உங்க காளைக கயித்தை அறுத்து விட்டது இந்த இரும்புத் துண்டுதான். அன்னைக்கு நீங்க கத்திக்காரின்னு ஏசலை.

– அதை மறக்கலை. மறக்காமத்தான் என் மகனுக்கே உன்னையக் கேட்டேன். நாகநாதனைக் கட்டிக்க. கத்தியும் உங்கிட்ட இருந்தாப்புல ஆச்சு, வீட்டுப் பொருள் வீட்டைவிட்டுப் போகாமலும் ஆச்சு.

– மச்சான் நல்லவுகதான். எனக்கு மனசில்லைன்னு தை மாசமே சொல்லிட்டேன். கத்தி கையில இருக்குங்கிறதுக்காக எவளாச்சும் கழுத்தை நீட்டுவாளா?

– அப்ப திருப்பிக் குடு. இங்கன வேணாம். வெள்ளிக்கிழமை அய்யனார் கோயிலுக்கு வா. பெரிய மனுசங்க நாலு பேரைக் கூப்பிட்டிருக்கேன். அவுக முன்னால கத்தியைக் கீழ வச்சு, ‘எங்க தாத்தா வீட்டுப் பொருள் எதுவும் எங்கிட்ட இல்லை, இனிமேலும் எனக்கு வேணாம்’னு சத்தியம் பண்ணிட்டுப் போயிரு.

– கத்தியைக் கேக்குறீக, சரி. சத்தியம் எதுக்கு மாமா?

– அதான் மொறை.

– எந்த ஊரு மொறை? பஞ்சம்மாள் சின்னம்மா மக இரும்பைத் திருப்பிக் குடுத்தப்போ சத்தியம் பண்ணுச்சா? பூமயில் பண்ணுச்சா? அருவாளைக் குடுத்துட்டுப் பணியாரம் திங்கப் போயிருச்சுக.

– வாய்க்கு வாய் பேசாத.

– எதுக்கோ பயந்துபோயிருக்கீக. இந்த வெயில்ல ஒரு தேஞ்ச கத்திக்கா இம்புட்டு தூரம் வந்தீக?

– பயமா? எனக்கா? எங்கய்யா பூமி எனக்குத்தாண்டி. பொம்பளைப் பிள்ளைக்கும் பங்கு உண்டுன்னு டில்லியில உக்காந்து சட்டம் போட்டுட்டா, நம்ம மொறை மாறிப் போயிருமா? செத்துப்போன மகளோட பிள்ளைக்கும் உண்டாம்ல. வக்கீல் குமாஸ்தா வாய் கூசாமச் சொல்றான்.

– யாருக்கு உண்டாம்?

– அதெல்லாம் இங்கன செல்லாது.

– செத்துப்போன மகளோட பிள்ளைக்கு. அப்படித்தானே சொன்னீக? தாத்தா போயி இன்னும் வருசம் திரும்பலை. அவருக்கு இருந்த ஒரே மக எங்க ஆத்தா.

– ஏதோ கோவத்துல வந்துருச்சு. விடு தாயி. கத்தியை நீயே வச்சுக்க. தாய்மாமன் சீர் குடுத்ததா இருக்கட்டும். கோயிலுக்கும் வர வேணாம்.

– கோயிலுக்கு வாரேன் மாமா, அந்த நாலு பேரையும் கட்டாயம் இருக்கச் சொல்லுங்க. இந்தக் கத்தி மட்டும் போதும்னுதான் இம்புட்டு நாளா இருந்தேன், இனிமே எங்க ஆத்தா பங்குப் பூமியும் எனக்கு வேணும்.