நீலக் கொப்பியில் இல்லாத கேள்வி

என் பெயர் இக்னேசியஸ். எதையும் இருமுறை எழுதுவது என் வழக்கம். வகுப்பில் கேட்பதைக் கறுப்புக் கொப்பியில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். வீடு திரும்பியதும் வேண்டாதவற்றை நீக்கி, நீலக் கொப்பியில் மையால் எழுதுவேன். யாழ்ப்பாணத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உயிரியல் கற்பித்த காலத்துப் பழக்கம் அது. இப்போதெல்லாம் நாற்காலியில் நெடுநேரம் இருக்க முடிவதில்லை. இந்த ஒரு பந்தியை எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்து யன்னலருகே போய் வந்துவிட்டேன்.

ரொறன்ரோவில் ஒரு கிறித்தவப் பல்கலைக்கழகம், ஓய்வுபெற்றோரைக் கட்டணமின்றி வகுப்பில் அமர விடுகிறது. நான் வசிக்கும் மோர்னிங்சைட்டிலிருந்து பஸ்ஸில் போய், கலாநிதி நிரூபாவின் வகுப்பில் முன்வரிசையில் அமர்வேன். உயிர்கள் தாமே படிப்படியாக உருமாறினவா, அறிவுள்ள ஒருவர் வடிவமைத்தாரா என்பதே பாடம். எந்தக் கேள்வியையும் இங்கே எழுப்பலாம் என்று பல்கலைக்கழகம் பெருமையாக அறிவித்திருந்தது.

ஒக்டோபரில் ஒருநாள் எழுந்து, மனிதக் கண்ணைப் போன்ற குறையற்ற கருவி தானாகத் தோன்றியிராது என்றேன்.

“அங்கிள், கண்ணில ஒண்டும் தெரியாத குருட்டிடம் இருக்கெண்டு நீங்களே எத்தினை பேருக்குப் படிப்பிச்சிருப்பியள்,” என்றார் நிரூபா.

தமிழ்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு மற்றவர்களுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னார்கள், அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை.

நவம்பரில் திலக்சன் என்ற மாணவன், கடவுளை நம்பாத ஒருவன் வடிவமைப்பு வாதத்துக்கு என்ன மறுமொழி சொல்வான் என்று கேட்டான். “இப்போது நான் அவன்,” என்று கூறிவிட்டு, நிரூபா பத்து நிமிடம் அவனாகவே நின்று பேசினார். வடிவமைத்தவர் என்று ஒருவர் தேவையில்லை, வேதாகமம் இதில் சாட்சியாகாது என்றார். முடிவில், “இனி நான் நிரூபா,” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மாணவர் கேள்விகளை நான் நீலக் கொப்பிக்கு மாற்றுவதில்லை. “இப்போது நான் அவன்” என்பது கேள்வியைச் சார்ந்த வாக்கியம். ஆகையால் கேள்வியோடு அதுவும் நீங்கிற்று. கடைசி வாக்கியமும் அவ்வாறே. எஞ்சியவை யாவும் அவர் வாயிலிருந்து வந்த சொற்களே.

அந்தக் கொப்பியை என்னுடன் தேவாலயத்துக்கு வரும் அருள்நாயகத்திடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் பல்கலைக்கழக ஆளுநர் சபை உறுப்பினர் என்பது எனக்குத் தெரியும். வேதாகமத்தை முழுமையாக நம்புவதாகக் கூறும் விசுவாசப் பிரகடனத்தில் நிரூபா கையொப்பமிட்டவர் என்பதும், அவருடைய நிரந்தர நியமனத்துக்கு இன்னும் ஒரு தவணையே இருந்தது என்பதும் தெரியும்.

அந்தக் கொப்பியை வைத்துப் பல்கலைக்கழகம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. விசாரணை அறைக்கு வெளியே நிரூபா என்னிடம் வந்தார்.

“அங்கிள், நீங்கள் முன்னுக்குத்தானே இருந்தனீங்கள். திலக்சன் கேட்டுத்தானே நான் அப்பிடிச் சொன்னனான்?”

“ஓம் பிள்ளை.”

“அதை மட்டும் உள்ளுக்குச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

“அவை கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லுறன்.”

தான் கேட்டதாலேயே அவர் அப்படிப் பேசினார் என்று திலக்சன் எனக்கு முன்பே சாட்சி சொல்லியிருந்தான். அவரிடம் நல்ல புள்ளி வாங்கும் மாணவன் என்பதால், குழு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; வேறு மாணவர்களை அழைக்கவும் இல்லை. என்னிடம் வேறு குறிப்புகள் உண்டா என்று கேட்டார்கள். கறுப்புக் கொப்பி என் மடியிலிருந்த பையில் இருந்தது. இல்லை, இதுவே முழுமையானது என்றேன்.

நிரூபாவை நீக்கிய செய்தி வந்த அன்று கறுப்புக் கொப்பியைக் கிழித்து, மறுசுழற்சித் தொட்டியில் போட்டேன். இதில் என் சொந்த மனத்தாங்கல் எதுவும் இல்லை. பாடம் தூய்மையாக இருக்கவேண்டும் என்பதே என் நோக்கம்.

சனவரியில் கலாநிதி ஸ்ரீதரன் அந்த வகுப்பை எடுக்கிறார். சொற்களை அளந்து பேசுபவராம். இரண்டு புதிய கொப்பிகள் வாங்கியிருக்கிறேன். மூன்றாம் வாரத்தில் கண்ணைப் பற்றிய பாடம் வருகிறது. அன்று எழுந்து, முன்பு சொன்னதையே மீண்டும் சொல்வதென முடிவு செய்திருக்கிறேன்.