சின்னமனூரில் ஓடிய லண்டன் நேரம்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்து பழனிசெட்டிபட்டியைத் தாண்டும்போது, எனக்கு முன் இருக்கையில் இருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் தன் நண்பரிடம் சொன்னார்.

"மாப்ள, சின்னமனூர் ஜோசியர் கம்ப்யூட்டரு இத்தன நாளும் லண்டன்லதான் இருந்திருக்கு."

"என்னடா சொல்ற?"

"லினக்ஸ் சாப்ட்வேர் ஏத்துறப்ப ஊரை லண்டன்னு குடுத்துட்டாங்ய. கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடியிருக்கு. நேரத்த மட்டும் திருத்துனா நெட்டு வந்ததும் பழையபடி போயிருது. நான் ஊரையே கல்கத்தான்னு மாத்திட்டேன், நம்ம நாட்டு நேரம் அதுல அந்தப் பேர்லதான் இருக்கு."

"அதுனால ஜோசியத்துக்கு என்ன?"

"பிரசன்னம் பாக்குறது நாம கேக்குற நேரத்த வச்சுத்தான? அந்த நேரத்த கம்ப்யூட்டரு அதோட கடிகாரத்துல இருந்துல்ல எடுக்குது."

"அப்ப மார்க்கையன்கோட்டைப் பொண்ணு எனக்கு ஆகாதுன்னு வந்துச்சே?"

"அது லண்டன் நேரம்."

நண்பர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இப்பக் கேட்டா?"

"ஒனக்காகப் போட்டுப் பாத்தேன். ஆகும்னுதான் வருது. ஆனா நான் சரி பண்ணதுல இருந்து சொன்னது ஒண்ணும் பலிக்கலையாம். திரும்ப லண்டனுக்கே மாத்தச் சொல்லி ஜோசியர் கூப்புட்டாக. அதுக்குத்தான் போறேன்."

வீரபாண்டியில் வண்டி நிற்பதற்குள் நண்பர் எழுந்துவிட்டார்.

"சாயங்காலமா மாத்து மாப்ள. வீட்டுல போயி எங்காத்தாவக் கூட்டியாந்து, அதுக்குள்ள கேட்டுட்டுப் போயிர்றேன்."