மேல் நெல்

காவித் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைக்கக் கூடாது. ஒரு நாள் கண்ணாடி போல இருக்கும். மறுநாளே தூசி ஒட்டிக்கொண்டு தரை முழுவதும் பிசுபிசுவென்று அழுக்கு படியும். ஆனால் வீடு பார்க்க வருகிறவர்கள் ஒரு நாள்தானே வருகிறார்கள், அதனால் துடைக்கலாம் என்று தரகன் மருதையன் சொன்னான். நான் சரி என்றேன். நீங்கள் என்னைக் கேட்பதெல்லாம் அந்த எண்ணெய்த் துணியில் தொடங்குகிறது, இன்ஸ்பெக்டர். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் இராஜாங்கம். கோரையாற்றுப் பாசனத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த நிலத்தைப் பற்றி உங்கள் ஸ்டேஷனில் இருக்கும் வயதான ஏட்டுக்குத் தெரியும். அந்த நிலம் போன விதமும் அவருக்குத் தெரியும். உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்தார்கள். மிஞ்சியதில் குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொண்டார்கள். கடைசிக் குறுவை அறுவடையின்போது கூலித் தகராறில் வரப்பில் செங்கொடி ஏறியது. தாசில்தார் வந்து பேசி முடிப்பதற்குள் மழை பிடித்து, சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிட்டது. முளைத்த நெல்லின் நாற்றத்தை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். புளித்த சோற்றைப் போல இருக்கும். பத்து நாள் அதை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு காலத்தில் என் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அதற்காக நான் யார் மீதும் கோபப்படவில்லை. அருவருப்பு வேறு, கோபம் வேறு.

வீட்டை விற்றுவிட்டுத் தஞ்சாவூருக்குப் போய்விட முடிவு செய்தேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சோற்றுக்கு வழியில்லாமல் விற்றான் என்ற பேச்சு வரக் கூடாது. நிறைந்த வீட்டை, மனசு இருந்து கொடுத்தான் என்று சொல்ல வேண்டும்.

மருதையன் வெற்றிலைச் சாற்றைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தான்.

"வீட்டக் காட்டுறதும் பொண்ணக் காட்டுறதும் ஒண்ணுதாங்கய்யா," என்றான். "பல்லு எடுப்பா இருந்தா வாய மூடிக்கிட்டு ஒக்காரச் சொல்லணும். ஒங்க வீட்டுக்கு எங்கெங்க பல்லு எடுப்புன்னு நான் பாத்துச் சொல்றேன்."

என் முன்னால் அவன் இப்படிப் பேசிய நாளில் நான் அவனை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அவன் சொன்னபடி சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். சுவாமிமலையிலிருந்து ஆள் உயரக் குத்துவிளக்கு ஒன்று வாடகைக்கு வந்தது. எங்கள் பசு போய் வெகு நாளாகிறது. பக்கத்து ஊரிலிருந்து கன்றோடு ஒரு பசுவைக் கொண்டுவந்து கொட்டிலில் கட்டினான். அது இரவெல்லாம் வேறு யாருடைய வீட்டையோ நினைத்துக் கத்தியது. கொல்லையில் குலை தள்ளிய வாழைகளை வேரோடு பெயர்த்து வந்து நட்டான். அடுப்படியில் காப்பிக்கொட்டை வறுத்துவைக்கச் சொன்னான், வாசனைக்காக. எங்கள் வீட்டில் உண்மையிலேயே காப்பிக்கொட்டை வறுத்த காலத்தில் அதை மோந்து பார்க்க யாரையும் நாங்கள் அழைத்ததில்லை.

மிஞ்சியது கூடத்துப் பத்தாயம். தேக்குப் பலகையால் செய்த அந்த நெற்களஞ்சியத்துக்கு மேலே ஏணி வைத்து ஏற வேண்டும். நெல்லை மேலே கொட்டுவோம். கீழே தரையை ஒட்டி, தூக்கி இறக்குகிற பலகைக் கதவு ஒன்று உண்டு, அதன் வழியாக நெல்லைத் தள்ளி எடுப்போம். மெலிந்த ஆள் படுத்து ஊர்ந்தால் அதற்குள் நுழையலாம். அந்த வருடம் அதில் ஒரு மணி நெல் இல்லை.

"பத்தாயம் காலியா இருந்தா வீடு செத்த வீடுங்கய்யா," என்றான் மருதையன். அரிசி ஆலையிலிருந்து கொஞ்சம் நெல் இரவல் கொண்டுவந்தான். அது போதவில்லை. பத்தாயத்தின் பாதி உயரத்தில் குறுக்கே பழைய பலகைகளைப் போட்டு, அதன் மேல் பாய் விரித்து, பாய் மேல் பதரைக் கொட்டி, பதருக்கு மேலே நெல்லைப் பரப்பினான். ஏணியில் ஏறிப் பார்த்தால் விளிம்பு வரை நெல். பலகைக்குக் கீழே வெறும் இடம்.

அந்த வெறும் இடத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தம்பியின் நினைவு வந்தது.

சிங்காரவேலு என் தம்பி. பதினெட்டு வயதில் விஷக்காய்ச்சல் வந்து பிழைத்தான். புத்தி மட்டும் பிழைக்கவில்லை. வீட்டின் இரண்டாம் கட்டிலுள்ள ஒரு அறையில் முப்பது வருடமாக இருந்தான். எச்சில் ஒழுகும். இடுப்பில் துணி நிற்காது. ஆள் குரல் கேட்டால் சிரித்துக்கொண்டு ஓடி வருவான். நான் அவனை அடித்ததில்லை. என் மனைவி இருந்தவரை அவள் சோறு ஊட்டினாள், பிறகு நான் ஊட்டினேன். மலாயாவுக்குப் போனான், அங்கேயே காலமாகிவிட்டான் என்று வெளியே சொல்லிவைத்திருந்தோம். தெருவில் பாதிப் பேர் அவனை மறந்துவிட்டார்கள். மீதிப் பேர் மறந்ததாகக் காட்டிக்கொள்ளும் மரியாதை தெரிந்தவர்கள். மருதையன் வெளியூர்க்காரன், அவனுக்குத் தெரியாது.

வீட்டில் பாதி தம்பியுடையது. புத்தி சரியில்லாத பங்குதாரர் இருந்தால் கோர்ட்டில் மனுப் போட்டு அனுமதி வாங்கித்தான் விற்க முடியும் என்று வக்கீல் சொன்னார். அதற்கு நோட்டீஸ் ஒட்டுவார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் அதை ஒட்டி, கடைத்தெருவில் நிற்கிறவன் எல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பான். அதை விடத் தம்பி மலாயாவில் இறந்ததே நல்லது.

பார்க்க வருகிறவர்கள் எல்லா அறைகளையும் திறப்பார்கள். கொட்டிலுக்கும் போவார்கள், பரணையும் எட்டிப் பார்ப்பார்கள். யாரும் நுழையாத இடம் பத்தாயம் ஒன்றுதான். தம்பிக்கும் அது பிடித்த இடம். கோடையில் அது காலியாக இருக்கும்போதெல்லாம் கீழ்க்கதவு வழியாக நுழைந்து உள்ளே உட்கார்ந்துகொள்வான். அவர்கள் வருகிற அன்று காலையில் அவனிடம் ஒரு வெல்லக்கட்டியைக் காட்டினேன்.

"உள்ள போறியா?" என்றேன்.

"அண்ணே வருவியா?" என்றான்.

"வர்றேன். சத்தம் போடாம இரு."

வாங்கிக்கொண்டு ஊர்ந்து உள்ளே போனான். நாலு விரல் இடைவெளி விட்டுக் கதவை இறக்கினேன். அவனுக்குக் காற்று வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு மருதையன் இரண்டு மூட்டை நெல்லோடு வந்தான்.

"கெட்டுச்சுங்கய்யா. இப்பத்தான் விசாரிச்சேன். வர்றவரு நெல்லு யாவாரி. மேல் நெல்ல ஒரு பொருட்டா மதிக்க மாட்டாராம். முழங்கை வரைக்கும் கைய விட்டு உள் நெல்ல அள்ளி மோந்து பாப்பாராம். நம்ம நெல்லு மணிக்கட்டுக்குக்கூட வராது. கையில பதரோட நின்னாருன்னா நம்ம ரெண்டு பேரும் ஆத்துல எறங்க வேண்டியதுதான்."

எங்கள் பக்கத்தில் நெல் அறிந்த எவரும் அப்படித்தான் செய்வார்கள். என் தகப்பனாரும் செய்வார். நான் அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. மருதையனின் ஆள் ஏணியில் ஏறி இரண்டு மூட்டையையும் கொட்டினான். பலகை முனகியது. கீழே ஒருவன் இருக்கிறான் என்று சொன்னால் மருதையனுக்குத் தெரிந்துவிடும். மருதையனுக்குத் தெரிந்தால் மாலைக்குள் மன்னார்குடிக்குத் தெரிந்துவிடும். நான் சொல்லவில்லை.

ஹபீப் முகம்மது தன் மனைவி சைத்தூன் பீவியோடு காரில் வந்தார். முத்துப்பேட்டைக்காரர். பிள்ளைகள் சிங்கப்பூரில் கடை வைத்திருக்கிறார்கள். மரியாதையான மனிதர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செருப்பை நான் சொல்லாமலே படிக்குக் கீழே கழற்றினார். ஆனாலும் என் பாட்டனார் போட்ட தூணை ஒருவர் விரலால் தட்டி, உள்ளே பொக்கா என்று பார்ப்பதை நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

அந்த அம்மாள் நேராகக் கிணற்றுக்குப் போய்த் தண்ணீரை இறைத்து ஒரு வாய் குடித்தார்.

"சக்கரையா இருக்குங்க," என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். "நம்ம ஊரு உப்புத் தண்ணியில இருவது வருசமா சோறு வடிச்சவளுக்கு இது ஒண்ணு போதும். வீட்ட நீங்க பாருங்க, நான் கெணத்த வாங்கிட்டேன்."

"கெணத்த மட்டும் தூக்கிட்டுப் போக முடியுமான்னு அண்ணன்கிட்ட கேளு," என்றார் அவர்.

இரண்டாம் கட்டு அறைக்கு நாலு முறை சுண்ணாம்பு அடித்திருந்தேன். சைத்தூன் பீவி அதற்குள் நின்று சுற்றிப் பார்த்தார். "இந்த ரூமு அமைதியா இருக்குண்ணே. தொழுகைக்கு வச்சுக்கலாம்," என்றார். நல்லது என்றேன்.

பிறகு ஹபீப் முகம்மது ஏணியில் ஏறினார். அந்த அம்மாள் அடுப்படியில் இருந்தார். மருதையன் வாசலில் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தான். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, விளிம்பில் மார்பை அழுத்திச் சாய்ந்து, நெல்லுக்குள் கையை விட்டார். முழங்கை வரை போயிற்று. அள்ளி எடுத்து மோந்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். அப்போது உள்ளே பலகை ஒன்று நழுவும் சத்தம் கேட்டது.

"நெல்லு எறங்குதேண்ணே," என்றார். நடுவில் குழி விழுந்து, சுற்றிலுமிருந்து நெல் அதற்குள் சரிந்துகொண்டிருந்தது என்று பின்னால் சொன்னார்.

"புது நெல். அமரும்," என்றேன்.

அப்போது தட்டும் சத்தம் வந்தது. பலகையில் உள்ளிருந்து, உள்ளங்கையால்.

"அது என்ன?"

"பெருச்சாளி."

அவர் சிரித்தார். "இருக்கட்டும், இருக்கட்டும். நெல்லு இல்லாத வீட்டுல பெருச்சாளிக்கு என்ன வேல? பரக்கத்தான, நெறஞ்ச வீடுண்ணே இது."

அவர் ஏணியில் முகம் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தபோது நான் கீழே பார்த்தேன். கதவு இடுக்கு வழியாகப் பதர் கசிந்து எண்ணெய் போட்ட தரையில் விழுந்துகொண்டிருந்தது. பதரோடு விரல்களும் வெளியே வந்திருந்தன. வெல்லம் ஒட்டிய விரல்கள். நான் முன்னால் போய் நின்று வேட்டியால் அதை மறைத்தேன். பிறகு குதிகாலால் அந்த விரல்களை உள்ளே தள்ளி, கதவை முழுவதும் இறக்கினேன்.

நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள், ஏன் கதவைத் தூக்கவில்லை என்று. தூக்கியிருந்தால் நெல்லும் பதரும் வெளியே ஓடியிருக்கும், அவனுக்கு மூச்சு வந்திருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. நெல்லோடு பிறந்தவன் நான். ஆனால் முதலில் கொட்டுவது பதராக இருந்திருக்கும். எங்கள் பத்தாயத்திலிருந்து பதர் கொட்டுவதை விலை பேச வந்தவர் நின்று பார்ப்பார். தம்பியைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பதருக்கு என்ன சொல்வது?

கொட்டிலைப் பார்க்கலாம் என்று அழைத்துக்கொண்டு போனேன். இரவல் பசுவின் காம்பை அவர் பார்த்தார். வாழைக்குலையைப் பார்த்தார். திரும்பி வந்ததும் காப்பி கொடுத்தேன். சைத்தூன் பீவி பாதி டம்ளரில் நிறுத்திவிட்டு, "உள்ள யாரும் கூப்பிட்டாங்களாண்ணே?" என்று கேட்டார். அண்ணே என்று ஒரு குரல் கேட்டதாம். "பக்கத்து வீடும்மா," என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு காப்பியைக் குடித்தார். நானும் குடித்தேன். சூடு சரியாக இருந்தது.

நல்ல நாள் பார்த்து அச்சாரம் தருகிறேன் என்று சொல்லிக் கை கூப்பி விடைபெற்றார்கள். வாசல் வரை போய் வழியனுப்பினேன். கார்க் கதவு மூடும் சத்தம் கேட்டதும் உள்ளே வந்து பத்தாயக் கதவைத் தூக்கினேன். பதர் குபுகுபுவென்று கூடம் முழுவதும் ஓடியது. அதோடு தம்பியின் தலையும் ஒரு கையும் வெளியே வந்தன. வாய் நிறையப் பதர் இருந்தது.

மருதையன் உங்களிடம் சொல்லியிருப்பது முழுவதும் சரி. வீட்டுப் பேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே அவன் உள்ளே ஓடி வந்தான். அந்த மனிதனை யாரென்றே தெரியாமல், அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டு, வாயில் விரலை விட்டுத் தோண்டினான். "உசுரு இருக்குங்கய்யா, வெரலு அசையுதுங்கய்யா, ஒரு கை பிடிங்க," என்று என்னைக் கூப்பிட்டான். அந்த விரல் அசைவு நிற்கும் வரை பல முறை கூப்பிட்டான் என்கிறான். இருக்கலாம். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கார் அப்போதும் கிளம்பாமல் வாசலில் நின்றது. அந்த அம்மாள் எதற்காகவோ இறங்கி வருகிறாரோ என்று எனக்குத் தோன்றியது. கூடம் முழுவதும் பதர் கிடந்தது. நான் கூட்டிக்கொண்டிருந்தேன்.