பள்ளத்துக்குக் காட்டும் வெளிச்சம்

"பல்பு அணைஞ்சிட்டா வெளிச்சம் எங்க போவுது மாமா?"

என் தோழி அமுதவல்லியின் மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது கேட்டாள். கேட்டது அமுதவல்லியின் தம்பி புருஷோத்தமனை. போளூரில் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிறவர். அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது யாராவது அப்படிக் கேட்டால் சிரிக்கமாட்டார். ஏன் என்று சொல்கிறேன்... அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வாருங்கள்.

இரவு ஒன்பது மணி இருக்கும். ஜவ்வாது மலையில் ஒரு மண் ரோடு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஒரு பழைய டிராக்டர் தனியாக இறங்கிக்கொண்டிருந்தது.

அது ரங்கசாமியின் வண்டி. மலையில் சாமை பயிரிடுகிறவர். வண்டி அவர் அப்பா காலத்தது. சார்ஜ் ஏறவில்லை என்று அன்று காலை புருஷோத்தமனை வரவழைத்திருந்தார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவில் கார்பன் கட்டை தேய்ந்திருந்தது. மாற்றினார். எலி கடித்த ஒரு வயர் இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. அதையும் மாற்றினார். பொழுது சாயும்போது சார்ஜ் ஏறத் தொடங்கி, ஆம்பியர் மீட்டரின் முள் பிளஸ் பக்கம் போய் நின்றது.

அப்போதுதான் ரங்கசாமியின் மனைவி ராணியம்மாளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. போன் செய்தார்கள்; ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைதான் வரும். அதுவரை கொண்டுபோக ஊரில் வேறு வண்டி இல்லை. டிரெய்லரில் வைக்கோல் பரப்பி அந்த அம்மாளைப் படுக்கவைத்தார்கள். புருஷோத்தமன் மட்கார்டில் உட்கார்ந்துகொண்டார்.

பாதி மலையில் ஒரு வளைவு. அங்கே ரங்கசாமி வண்டியை நிறுத்தினார். என்ஜினை நிறுத்தவில்லை. விளக்கு இரண்டும் பள்ளத்தைப் பார்த்து எரிந்தன. அவர் தண்ணீர் பாட்டிலோடு மனைவியிடம் போனார்.

புருஷோத்தமனுக்குப் பொறுக்கவில்லை. என்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜ் ஏற்றாது. விளக்கு பேட்டரியைத்தான் தின்னும். எட்டி சுவிட்சை அணைத்தார்.

என்ஜினும் நின்றது.

பேட்டரி போயிருக்கும் என்கிறான் இங்கே உட்கார்ந்திருக்கிற சந்திரன்... அது டீசல் வண்டியப்பா. ஓடுகிற டீசல் என்ஜினுக்குப் பேட்டரி வேண்டாம். கழற்றிக் கீழே வைத்தாலும் ஓடும். ஆனால் நின்றது.

சாவியைத் திருப்பினார். "டக்..." அவ்வளவுதான். இறக்கத்தில் உருட்டிவிடலாம் என்று பிரேக்கை எடுத்தார்கள். வண்டி அசையவில்லை. தள்ளினார்கள். அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை. பனி இறங்கி முன்னும் பின்னும் ரோட்டை மூடியது. டிரெய்லரில் ராணியம்மாளின் மூச்சு, ஓட்டை டியூபில் காற்று போகிற மாதிரி... சர்... சர்...

போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு புருஷோத்தமன் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். எதுவும் சூடாக இல்லை. ஆனால் ரப்பர் கருகும் நாற்றம். ஆம்பியர் மீட்டரைப் பார்த்தார். முள் மைனஸ் பக்கம் கடைசிவரை சாய்ந்திருந்தது. எல்லா சுவிட்சும் அணைந்திருக்கிறது... யார் கரண்ட் இழுப்பது?

பேட்டரி கேபிளைக் கழற்றினார்.

முள் திரும்பவில்லை.

"ஏங்க..." ரங்கசாமியின் குரல் அடங்கியிருந்தது. "லைட்ட நிறுத்துனீங்களா?"

"ஆமாண்ணா. சும்மா எரிஞ்சிக்கினு இருந்துச்சே."

"இங்க ஒருத்தன் டிராக்டரோட உருண்டுட்டான். வண்டியில லைட்டு இல்ல. ராத்திரி பூரா கீழருந்து கூப்டுகினே இருந்தானாம். போனவங்க கையில வெளக்கு இல்ல, எறங்க முடியல. அதுலருந்து யாரு போனாலும் இங்க நின்னு கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டுவோம். நீங்க குடுத்தத புடுங்கிட்டீங்க."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணா?"

"சொன்னா சிரிப்பீங்க. டவுன்காரங்க."

சிரிக்க அங்கே யாரும் இல்லை. கீழே, பனிக்கு அடியில், மஞ்சளாக இரண்டு வெளிச்சம். பக்கத்துப் பக்கத்தில். மேல்நோக்கி.

பிறகு சத்தம். "டக்..."

அவர்கள் யாரும் சாவியைத் தொடவில்லை.

டிரெய்லரில் மூச்சுச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. ரங்கசாமி மனைவியின் நெஞ்சைத் தடவியபடி, "இரும்மா, போய்டலாம், இரும்மா" என்றார். போவதற்கு வழி இல்லை.

புருஷோத்தமனிடம் இருந்தது அந்தப் போன் வெளிச்சம் ஒன்றுதான். சார்ஜ் தீரப்போகிறது. அது போனால் எந்த வயரையும் பார்க்க முடியாது. அவர் விளிம்புக்குப் போனார். டார்ச்சைப் பள்ளத்துக்குள் திருப்பினார்.

"ஐயா, தெரியாம பண்ணிட்டேன். இப்ப என்கிட்ட இதான் இருக்குது. இந்தம்மாவ விட்டுடு. நா திரும்பி வந்து உனுக்கு வெளக்கு வெக்கிறேன்."

டார்ச்சைத் தாழ்த்தவில்லை. சாமிக்குக் கற்பூரத் தட்டைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாராம். இருட்டில் கிடப்பவனுக்குக் கொஞ்சம் வெளிச்சம் காட்டுவது சின்னக் காரியம்தான். ஆண்டவன் அதையும் பார்க்கிறார் என்று நான் நம்புகிறேன்.

போன் அணைந்தது.

கண் தெரியாத இருட்டு... மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அப்புறம் முதுகுக்குப் பின்னால் என்ஜின் ஓட ஆரம்பித்தது. விளக்கு இரண்டும் எரிந்தன. சீட்டில் யாரும் இல்லை. கழற்றிய பேட்டரி கேபிள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ராணியம்மாள் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தாள்.

தார் ரோட்டில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள். இப்போது மறுபடி களை எடுக்கப் போகிறாள்.

மீதியைப் புருஷோத்தமன் வெகுநாள் கழித்து அக்கா அமுதவல்லியிடம் மட்டும் சொன்னார். அதற்குச் சாட்சி கிடையாது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், கடைப் பையனிடம்கூடச் சொல்லாமல், பைக்கில் புது பேட்டரியைக் கட்டிக்கொண்டு மலை ஏறினார். வளைவில் நின்றிருந்த புளியமரத்தில், பள்ளத்தைப் பார்த்து ஒரு பல்பைக் கட்டினார். வயரை மாட்டினார். நட்டை இறுக்கினார். எரிந்தது. கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பைக்கை எடுத்தார்.

அடிவாரம் வரைக்கும், பின்னால் வந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவருடைய நிழல் அவருக்கு முன்னால் ரோட்டில் விழுந்துகொண்டே வந்தது.

பல்பைக் கட்டியது பள்ளத்தைப் பார்த்து. வழியில் எத்தனையோ வளைவு.