கூழாங்கல்லின் கீழ் சிவப்புத் தாள்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்லும் கதை இல்லை இது.

விடியற்காலை ஐந்து மணி. ரப்பர் காட்டு நடுவே செம்மண் பாதை. மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகிறான் பூன் ஹெங், என் கூட்டாளி ஆ சேங்கின் மாமா மகன். சீனர்கள் முன்னோர் கல்லறையைக் கும்பிடும் சிங் மிங் நாள் வந்துவிட்டது. குன்றின் மேலிருக்கும் பழைய சீன இடுகாட்டில் தாத்தாவின் கல்லறையைச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த வருடம் ஒரு வேண்டுதலும் இருந்தது. மனைவிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன... மூன்றாவதுக்கு இது எட்டாம் மாதம்.

ஒரே பனி. இடுப்பளவு லாலாங் புல். வருடா வருடம் வரும் இடம்தானே என்ற மிதப்பு அவனுக்கு. புல்லை வெட்டினான். ஊதுவத்தி கொளுத்தினான். மேட்டின் மேல் சிவப்புத் தாளை விரித்து, பறக்காமல் ஒரு கூழாங்கல்லை வைத்தான். வாரிசு வந்து போனான், இது எங்களுடையது என்று அர்த்தம்.

"ஆ கோங்... பொறக்கப்போறது உங்க பிள்ளை. நீங்கதான் காவல் இருக்கணும்."

பனி விலகியது. சாப்பாட்டுக் கூடையோடு பின்னால் வந்த தங்கை சியூ இன், மேல் வரிசையிலிருந்து கத்தினாள்.

"அண்ணே, யாரைக் கும்பிடுறே? நம்ம ஆ கோங் இங்க இருக்காரு லா! ஓசியில இன்னொரு தாத்தா பிடிச்சிட்டியா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. புல்லுக்குள்ளிருந்து இரண்டு கல் சீக்கியர்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பாகை, பூட்ஸ், கையில் துப்பாக்கி. வாரிசே இல்லாமல் செத்துப்போன ஈயச் சுரங்க முதலாளி, ஒரு பெரிய தவ்கே, தன் கல்லறைக்குக் காவல் வைத்த சிலைகள். படம் பிடிக்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். கும்பிட ஒருவரும் வந்ததில்லை.

தாளை உருவி அங்கேயே கொளுத்தினான்.

"ஐயோ, வச்சதை எடுக்காதேண்ணே..."

அதற்குள் பாதி எரிந்துவிட்டது.

ஆண் குழந்தை. நல்ல எடை. வீடே கூத்தாடியது. குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்த முழுமாத விருந்தன்று காலை, அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது... வாசலில் சத்தம். டக்... டக்... பூட்ஸ் கால்கள். இரண்டு பேர். ஒரே சீராக வந்து, நின்றுவிட்டன.

கதவு பூட்டியபடியே இருந்தது. ஆனால் வீட்டுக்குள் ஈரக் கல்லின் வாசனை. அப்போதுதான் வெட்டிய லாலாங் வாசனை.

காவல் கேட்டான், பாவம். வந்துவிட்டது.

தொட்டிலுக்கு ஓடினான். குழந்தை கண்மூடிக் கிடந்தது. நெஞ்சின் மேல் சிவப்புத் தாள்... பாதி எரிந்து கருகியிருந்தது. அதன் மேல் கூழாங்கல்.

அந்தக் கல் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றான்.