நடுத்திட்டில் கிடைத்த பித்தளைச் செப்பு

ஓடுகிறோம். இடுப்பில் பிள்ளை. தலையில் ஒன்றுமில்லை. கூடை, சட்டி, காயப்போட்ட கருவாடு எல்லாம் குடிசையில் கிடக்கின்றன. ஆடி மாதம், மூன்றாம் வெள்ளி. வெயில் இன்னும் பனை உயரம் ஏறவில்லை.

தொம்.

முகத்துவாரத்துப் பக்கம். ஏரி கடலோடு சேர்கிற அந்த வாயில்தான் இங்கிலீஷ்காரர்களின் படகுகள் நிற்கின்றன. சத்தம் வந்த பிறகு தலைக்கு மேலே துணி கிழிகிற மாதிரி குண்டு பறக்கிறது. பிறகு மண் அதிர்கிறது. குண்டு உலாந்தாக்காரர்களின், டச்சுக்காரர்களின், கோட்டைக்கு. கோட்டைக்கு முன்னால் எங்கள் குப்பம். எட்டாமல் விழுகிற குண்டெல்லாம் எங்களுக்கு.

“எண்ணுங்க! நாப்பது எண்ணுற வரைக்கும் அடுத்தது வராது! எண்ணிக்கினே ஓடுங்க!”

கத்துகிறவர் மீரான். இருபது வருஷம் அந்தக் கோட்டையில் பீரங்கிக்காரர். வேலை முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. வீடு பழவேற்காட்டு ஊருக்குள், பள்ளிவாசல் தெருவில். எட்டாத குண்டு எங்கே விழும் என்று அவருக்குத் தெரியும். அதனால் குப்பத்துக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை.

அவர் கழுத்தில் தோல் வாரில் ஒரு பித்தளைச் செப்பு ஆடுகிறது. உள்ளங்கை அகலம். மூடியில் மூன்று பாய்மரக் கப்பல். பீரங்கி மருந்து எடுத்துப்போன செப்பு. வேலையை விட்ட நாளில் கோட்டைத் துரை அதை அவருக்கே கொடுத்துவிட்டார். அதில் புகையிலை வைத்துக்கொண்டார். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். தெருவே கேலி செய்யும்.

எண்ணுகிறேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. படு. நாற்பது. தொம். எழு. ஓடு.

அவர் கணக்கு தப்பவில்லை. எண்ணியவர்கள் கரைக்கு வந்தோம். என் கொழுந்தன் வேலு எண்ணவில்லை. புது வலை வீட்டில் இருக்கிறது என்று திரும்பினான். நாற்பதுக்கு அவன் வாசலில் நின்றான். அதற்கு மேல் அவன் இல்லை. வாசலும் இல்லை.

எங்கள் தோணியில் ஏழு பேர் ஏறலாம். பதினான்கு பேர் ஏறினோம். என் புருஷன் ஏழுமலை கழி போடுகிறார். பசியாவரம் தீவுக்குப் போகிறோம். மீரான் ஏறவில்லை. மார்பளவு தண்ணீரில் தோணியின் பின்பக்கத்தைப் பிடித்தபடி நடந்து வருகிறார்.

“நீயும் ஏறு பாய்!”

“நான் ஏறுனா தரை தட்டும். நீ கழியப் போடு.”

அவர் ஏறாமலே தட்டியது. நடுத்திட்டில். ஏரிக்கு நடுவே சேறு மேடு கட்டிய இடம் அது. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. மீரான் தோளைக் கொடுத்துத் தள்ளுகிறார். வாய்விட்டு எண்ணுகிறார். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. தோணி அசைகிறது. முப்பது. இன்னும் பத்து இருக்கிறது. முப்பத்தொன்று.

தொம்.

இரண்டாவது பீரங்கி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது யாருக்கும் தெரியாது.

“குனி!”

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. பிள்ளைமேல் கவிழ்ந்தேன். தண்ணீரும் சேறும் எங்கள்மேல் விழுந்தன. காது அடைத்தது. தோணி மேட்டை விட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. ஏழுமலை கழி போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பதினான்கு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. இதை எழுதாமல் மற்றதை எழுத எனக்கு உரிமை இல்லை.

மூன்றாம் நாள் கோட்டையில் கொடி மாறியது. ஐந்தாம் நாள் குப்பத்துக்குத் திரும்பினோம். மீரான் திரும்பவில்லை. உடலும் இல்லை. ஏரி நீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

வேறு தோணியில் போன ஒருவன் சொன்னான். யாரோ ஒரு ஆள் தண்ணீரில் முகத்துவாரத்துப் பக்கம் நடந்ததைப் பார்த்தானாம். அவ்வளவுதான் சொன்னான். ஊர் மீதியைச் சேர்த்துக்கொண்டது. கோட்டையில் எந்தச் சுவர் பலம், எது பலவீனம் என்று பழைய பீரங்கிக்காரனுக்குத் தெரியாதா? அவன்தான் இங்கிலீஷ்காரனிடம் போய்ச் சொல்லியிருப்பான். இப்போது சென்னப்பட்டணத்தில் சுகமாக இருப்பான். இப்படி.

எங்கள் தோணியைத் தள்ளினார் என்று நான் சொன்னேன்.

“தள்ளினான். சரி. அப்புறம்? பாத்தியா நீ?”

பார்க்கவில்லை. 

அவர் மனைவி ஆமினா பீவிக்கு நான் ஆறு வருஷமாக மீன் கொடுக்கிறேன். அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை வாசலில் நின்று பார்த்தேன். புருஷன் செத்தால் அவர்கள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். வெளியே வர மாட்டார்கள். இவரால் இருக்க முடியவில்லை. செத்தார் என்று சொல்ல ஆள் இல்லை. பள்ளிவாசலில் தொழுகை வைக்கவில்லை. மகளுக்குப் பேசி முடித்த இடத்துக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். துரோகியின் மகள் வேண்டாம் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. வரவில்லை.

இனி எங்கள் பாட்டைச் சொல்ல வேண்டும். ஏரியில் எங்கே வேண்டுமானாலும் வலை போட முடியாது. பாடு என்று இருக்கிறது. கோயில் முன்னால் சீட்டுப் போடுவார்கள். இன்ன இடம், இன்ன நாள், இன்ன வீட்டுக்கு என்று விழும். அது அந்த வீட்டின் பாடு. அந்த வலையில் இறால் வந்தாலும் கட்டை வந்தாலும் பொன் வந்தாலும் அந்த வீட்டுக்கு. அடுத்தவர் பாட்டில் வலை போட்டவனின் வலையை அறுப்பார்கள். அவன் தோணியை ஒரு வருஷம் கரையில் கவிழ்த்து வைப்பார்கள். சாவு வீடானாலும் விதிவிலக்கு இல்லை.

அந்தப் புரட்டாசியில் எங்களுக்கு விழுந்த பாடு முகத்துவாரம். நடுத்திட்டு கன்னியப்பன் வீட்டுக்கு. கன்னியப்பன் குடும்பத்தோடு பொன்னேரிப் பக்கம் ஓடியவர் இன்னும் வரவில்லை. முகத்துவாரத்தில் இங்கிலீஷ்காரர் காவல். போனால் சுடுவார்கள். வீட்டில் கேழ்வரகு தீர்ந்துவிட்டது. பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டான். அது அழுவதைவிட மோசம்.

ஏழுமலை சொன்னார். “ஆள் இல்லாத பாடு. யாருக்கு நஷ்டம்?”

நானும் போனேன். விடிந்ததும், வெளிச்சத்தில். நாங்கள் திருடர்கள் இல்லை என்று எங்களுக்கு நாங்களே காட்டிக்கொள்ள.

மூன்றாம் வீச்சில் வலை கனத்தது. இறால். சேறு. சேற்றுக்குள் பித்தளை.

கழுவுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மூடி நசுங்கியிருந்தது. கப்பல் இருந்தது. உள்ளே புகையிலை பாசி மாதிரி ஊறிக் கிடந்தது. வாரைப் பார்த்தேன். முடிச்சு அவிழவில்லை. ஒரு பக்கம் கருகி அறுந்திருந்தது. முடிச்சைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கழற்றி எறிந்த செப்பு இல்லை அது. கழுத்தோடு போன செப்பு.

ஏழுமலை வலையை விட்டுவிட்டு என் பக்கம் வந்தார்.

“குடுத்துடணும்” என்றேன்.

“குடு. எங்க கெடச்சுதுனு கேட்டா முகத்துவாரம்னு சொல்லு. அது நம்ம பாடு. காவலுக்குத் தெரியாம இருட்டுல போனோம்னு சொல்லு.”

“அங்க கெடச்சுதுனு சொன்னா இன்னா அர்த்தம் தெரியுமா?”

“நடுத்திட்டுனு சொன்னா இன்னா ஆகும், அது தெரியுமா உனக்கு?” பிள்ளையைக் காட்டினார். “ஒரு வருஷம். அவன் தாங்குவானா?”

 கூடையில் இறால், இறாலுக்கு அடியில் பூவரச இலை, இலைக்குள் செப்பு. உச்சி வெயிலில் பள்ளிவாசல் தெருவுக்கு நடந்தேன்.  

ஆமினா பீவி கதவைப் பாதி திறந்தார்.

“இன்னாடி நாகம்மா, இன்னிக்கு மீனு எந்த ஊர்ல செத்துச்சு?”

எப்போதும் கேட்கிற கிண்டல். முகத்தில் சிரிப்பு இல்லை.

இலையைப் பிரித்தேன். அவர் தொடவில்லை. உள்ளேயிருந்து மீரானின் அண்ணன் காசிம் வந்தார். செப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எங்க?”

“முகத்துவாரத்துல” என்றேன்.

காசிம் கண்ணை மூடித் திறந்தார். “அப்போ ஊரு சொன்னது நெசம். அவனுங்க படகாண்டதான் போயிருக்கான்.”

 ஆமினா பீவி செப்பை எடுத்தார். முந்தானையால் துடைத்தார். மெதுவாக, மூலை மூலையாக. கப்பல் பளிச்சென்று வந்தது. பிறகு அதை என்னிடமே நீட்டினார்.

“எடுத்துக்கினு போ. பித்தளைதானே. உருக்கிக்கோ.”

என் கை நீளவில்லை. காதில் எண்ணுகிற சத்தம் கேட்டது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

“பொய் சொல்லிட்டேன் பீவிம்மா. முகத்துவாரம் இல்ல. நடுத்திட்டு. எங்க தோணி தட்டுன அதே எடம்.”

காசிம் முன்னால் வந்தார். “இப்போ ஒண்ணு, அப்போ ஒண்ணு. எத நம்புறது நாங்க?”

“எத சொன்னா எங்க தோணி ஒரு வருஷம் கவுந்து கெடக்குமோ, அத நம்புங்க. நடுத்திட்டு எங்க பாடு இல்ல.”

அவர் ஏரிக்கரையில் பிறந்தவர். அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. வாரைத் திருப்பிக் காட்டினேன். முடிச்சு. கருகல். ஆமினா பீவி முடிச்சைத் தொட்டார். அது அவர் போட்ட முடிச்சு. அதை அப்போதுதான் சொன்னார். வாரைக் கையில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.  

மறுநாள் குப்பத்துப் பெரியவர்கள் முன்னாலும் பள்ளிவாசல் பெரியவர்கள் முன்னாலும் நின்று சொன்னேன். எங்கே, எந்த நாள், எத்தனையாவது வீச்சு, யார் பாடு. ஏழுமலை பக்கத்தில் நின்றார். தரையைப் பார்த்தபடி, “அவ சொல்றது சரி” என்றார். அந்த மூன்று வார்த்தைக்காக அவர் மேலிருந்த கோபமெல்லாம் போய்விட்டது எனக்கு.

“பசியில செஞ்சது” என்றார் ஒரு பெரியவர்.

“பசி எல்லாருக்கும்தான்” என்றார் இன்னொருவர்.

வலையை அறுத்தார்கள். தோணியைக் கவிழ்த்தார்கள். அடுத்த புரட்டாசி வரை. பொன்னேரியிலிருந்து திரும்பிய கன்னியப்பன் கேள்விப்பட்டு, போகிற வழியில் தோணியை ஒரு தட்டு தட்டிவிட்டு, “நல்லா காயுது ஏழுமல, இனிமே ஓட்டையே வுழாது” என்றார்.  நான் தலை குனியவில்லை.

நான் சொன்ன அன்றே, சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில், உடல் இல்லாமலே மீரானுக்குத் தொழுகை வைத்தார்கள். மறுநாள் போனபோது அந்தக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “இத்தாடி நாகம்மா. நாலு மாசம் பத்து நாள்.” சாவு வீட்டில் அந்த மாதிரிக் குரலை நான் கேட்டதில்லை. கனம் இறங்கிய குரல். மகளின் நிக்காஹ் பங்குனியில் நடந்தது.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. கோட்டையில் கொடி பிறகும் மாறியது. கணக்கு மாறவில்லை. எழுதி வைக்கிறேன்.

குடிசைகள் பத்தொன்பது. தோணிகள் எட்டு, கரையில் எரிந்தவை. எங்களுடையது அதில் சேராது. வலைகளை யாரும் எண்ணவில்லை.

குப்பத்தில் செத்தவர்கள் ஆறு பேர் என்று சொல்வார்கள். வேலு, வாசலில். கோவிந்தன், ஓடும்போது. முனியம்மாவும் அவள் கைக்குழந்தையும், கிணற்றடியில். சின்னப்பன், படுத்த இடத்திலேயே. அவன் அக்கா பச்சையம்மா, மூன்று நாள் கழித்து, பசியாவரத்தில்.

நான் அதோடு நிறுத்த மாட்டேன். மீரான், பீரங்கிக்காரர். நடுத்திட்டில். ஆடி மூன்றாம் வெள்ளி, காலையில். முப்பத்தொன்று எண்ணியபோது.

ஏழு.