யாரும் அசைய வேண்டாம்

அந்த மின்விசிறியை நிறுத்தினால் நன்றாக இருக்கும். மூன்று சுற்றுக்கு ஒருமுறை லேசாக டக்கென்று தட்டுகிறது. உங்களுக்குப் பழகியிருக்கும். நான் பேசுவதைப் பதிவு செய்கிறீர்கள் என்பதால் சொன்னேன். கருவியையும் வெறும் மேசையில் வைக்காதீர்கள். கைக்குட்டையை மடித்து அதன்மேல் வையுங்கள். நன்றி.

பதினேழு வருடமாகப் படப்பிடிப்புகளில் ஒலிப்பதிவு செய்கிறேன். எங்கள் தொழிலில் நான் பதிவு செய்கிற குரல் படத்தில் வராது. பிறகு ஒரு கண்ணாடி அறைக்குள் நின்று வேறு யாராவது பேசுவார்கள். அதற்கு டப்பிங் என்று பெயர். என்னுடையது அவர்கள் கேட்டுப் பேசுவதற்கு ஒரு துணை, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் அழித்துவிடுவார்கள். பதினேழு வருடம் தண்ணீரில் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருத்தம் ஒன்றும் இல்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

பெட்டிக்குள் இறந்த அந்தப் பெண்ணைப் பற்றித்தானே கேட்க வேண்டும்? வருகிறேன். அதற்கு முன் பயம் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் என்னைக் கொடூரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சொன்னவன் பாதிதான் யோசித்திருக்கிறான். கண்ணை மூடிக்கொள்ளலாம். காதுக்கு இமை கிடையாது. கைச்செலவுக்குத் திண்டாடும் படங்களுக்கு இது ஒரு வரம், ஆனால் அவற்றை எடுப்பவர்களுக்கு அது தெரியாது. பேய்க்கு முகத்தில் மாவு பூசுவார்கள். புகை விடுவார்கள். கதவு திறந்தால் வயலினை இழுப்பார்கள். கொட்டகையில் ஜனங்கள் சிரிப்பார்கள், சிரிப்பைப் பயம் என்று இவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஒன்றையும் காட்டாமல், பக்கத்தறையில் யாரோ மூச்சு விடுவதை மட்டும் கேட்க வைத்தால் போதும். மீதியைப் பார்க்கிறவனே செய்துகொள்வான்.

எங்கள் இயக்குநர் குளியலறைச் சாமான் விற்கும் தயாரிப்பாளரின் மச்சான். தகுதி என்று கேட்டால் அதுதான். கதை எளிமையானது. ஒரு வீடு, ஒரு கொலைகாரன், ஒரு மரப்பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் பெண். இன்னொரு வீடு கிடைக்காததால் அமைந்த நல்ல கதை.

"கொலகாரன் மூஞ்சிய எப்பக் காட்டலாம்ணே?" என்று என்னிடம் கேட்டார்.

"காட்டாதீங்க."

"அப்புறம் ஜனங்க எதப் பாத்துப் பயப்படுவாங்க?"

"அந்தப் பொண்ணோட மூச்சக் கேட்டு."

"மூச்சுதானே? டப்பிங்ல போட்டுக்கலாம். நம்ம டப்பிங் அக்கா மூச்செல்லாம் பிரமாதமா விடும். நீங்க சும்மா பேருக்கு எடுத்து வைங்கண்ணே."

விளக்குக்காரர் சிரித்தார். "செவிடு சொல்றத யாரு கேக்கப்போறா, விடுங்க சார்." காதில் ஹெட்போன் இருக்கும்போது கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்பதால் எனக்கு அங்கே அந்தப் பெயர். கழுதையிடம் கற்பூரத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது?

பெட்டிக்குள் எதிரொலி இருந்தது. முதல் நாள் மாலை நான்தான் உள்பக்கம் முழுக்கப் பசை தடவி ஸ்பாஞ்சு ஒட்டினேன். மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை வைத்து இடைவெளியை அடைத்தேன். சுத்தமான வேலை. மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி அறையை இருட்டாக்கினார்கள். அந்தப் பெண் பெட்டிக்குள் இறங்கும்போது மூக்கைச் சுளித்தாள்.

"அண்ணா, பசை வாசன அடிக்குது."

"காஞ்சா போயிடும்மா" என்றேன். அவள் சட்டையில் மைக்கை நான்தான் குத்தினேன்.

அவளுக்கு இளைப்பு உண்டு. யாரும் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லை. அவள் சிரித்து முடித்ததும் கடைசியில் ஒரு சின்ன விசில் வரும், அதை மைக் முதல் நாளே சொல்லிவிட்டது. உறிஞ்சுகிற மருந்து அவளுடைய அம்மாவின் கைப்பையில் இருக்கும். அந்த அம்மா தினமும் வாசல் நிலையோரம் நிற்பார்.

இயக்குநர் குனிந்து அவளிடம் சொன்னார்: "முடியலன்னா உள்ளேருந்து ரெண்டு தட்டு தட்டும்மா. ஒடனே தொறந்துடுவோம்." மூடிக்குக் கொக்கி வெளிப்பக்கம்தான். ஸ்பாஞ்சின் மேல் தட்டினால் வெளியே கேட்காது. அவருக்கு அது தோன்றவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

முதல் டேக்கில் சைக்கிளுக்குக் காற்றடிப்பது மாதிரி மூச்சு விட்டாள். நடிப்பு. எனக்குக் கூச்சமாக இருந்தது. மூடியைத் தூக்கிக் கேட்டார்கள். "பரவால்ல, எடுங்க" என்றாள். இரண்டாவதும் மூன்றாவதும் திறக்காமலே எடுத்தார்கள், ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம். மூன்றாவதின் நடுவில் மூச்சு மாறியது. உள்ளே போனது வெளியே வரவில்லை. வந்தபோது நூல் மாதிரி மெலிந்து, நுனியில் அந்த விசிலுடன் வந்தது. பிறகு இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, மறுபடி இரண்டு.

இயக்குநர் "கட்" என்றார். உதவியாளர் மூடியை நோக்கி நடந்தார். நான் கையை உயர்த்தினேன்.

"யாரும் அசையாதீங்க. ரூம் டோன்."

இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு அறைக்கும் அதற்கே உரிய மௌனம் ஒன்று உண்டு. காட்சி முடிந்ததும் அதை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்வோம். அந்த ஒரு நிமிடம் யாரும் அசையக்கூடாது, எதையும் திறக்கக்கூடாது. தயாரிப்பாளரே வந்தாலும் சிலை மாதிரி நிற்க வேண்டும். ஒரு நாளில் என் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்படுகிற ஒரே நிமிடம் அது.

நின்றார்கள். அந்த அம்மாவும் நின்றார். கைப்பையின் ஜிப் சத்தம் போடாமல் இருக்க அதை விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தார். நல்ல மனுஷி.

நிமிடம் முடிந்ததும், "வெளிய வண்டி போயிடுச்சு, இன்னொரு தடவ" என்றேன். வண்டி எதுவும் போகவில்லை. அதற்குப் பிறகு இன்னும் நான்கு தடவை. என்னைத் தவிர யார் காதிலும் ஹெட்போன் இல்லை.

இரண்டாவது நிமிடத்தில் அவள் பேசினாள். கத்தவில்லை, கத்தக் காற்று இல்லை. யாருக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "அண்ணா, தொறக்கச் சொல்லுங்க." பிறகு வெறும் "அண்ணா." ஒலி சற்றுத் தூக்கலாக இருந்ததால் கருவியில் அளவைக் கொஞ்சம் குறைத்தேன்.

பெட்டியைத் திறந்ததும் இயக்குநர் அழுதார். அதிலும் மிகை. அந்த அம்மா மகளின் வாயில் வைத்து மருந்தை அழுத்திக்கொண்டே இருந்தார். அதை நான் பதிவு செய்யவில்லை. எதற்கும் ஒரு நாகரிகம் உண்டு.

இளைப்பு நோய், விபத்து என்று எழுதி வழக்கை முடித்தீர்கள். முதல் டேக்கில் கிடைத்த மூச்சு என்று சொல்லி ஒலித்துண்டை இயக்குநரிடம் நான் கொடுத்தேன். தட்டலையும் பேச்சையும், முக்கியமாக அந்த 'அண்ணா'வை, வெட்டிவிட்டேன். கூப்பிட ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் பார்க்கிறவனுக்கு நம்பிக்கை வந்துவிடும், பயம் போய்விடும். படம் ஓடியது. என் மனைவி கொட்டகையில் கண்ணைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் காதையும் பொத்தினாள்.

"அந்த மூச்சு மட்டும் வேணாங்க. ஏதோ மாதிரி இருக்கு" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என் வேலையைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை.

போன வாரம் வெற்றி விழா. இயக்குநர் மேடையில் சொன்னார்: "அந்த மூச்சுக்காக நம்ம டப்பிங் அக்கா மூணு நாள் கஷ்டப்பட்டாங்க." செத்தவளின் மூச்சு என்று சொன்னால் வம்பு வரும் என்று பயம், தொடைநடுங்கி. அந்த டப்பிங் அம்மையாரும் கூசாமல் மேடையேறிக் கேடயம் வாங்கிக்கொண்டார்.

மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறான் என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. இருக்கலாம். இந்தச் சின்ன மெமரி கார்டில் வெட்டாத முழுப் பதிவும் இருக்கிறது. தட்டல், பேச்சு, எல்லாம். நல்ல ஹெட்போனில் கேளுங்கள். படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு இழை பிசகாது. புகழுக்கு ஆசைப்படுகிறவன் நான் இல்லை. அவளைக் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த மூச்சு டப்பிங் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.